தோளில் போன வீடு

லண்டனில், ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக் குசினியைப் பின்பக்கமாகக் கொஞ்சம் நீட்டிக் கட்ட கவுன்சில் அனுமதி மறுத்த அதே கிழமையில்தான், ஜாவாவில் ஒரு முழு வீட்டையே தூக்கிக்கொண்டுபோய் வேறிடத்தில் வைக்கலாம் என்று கேள்விப்பட்டேன். சொன்னவர் என்னோடு வேலை செய்த ஒரு ஜாவாக்காரப் பெண். என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். தங்கையை அவர்கள் ஊரில் 'திக்' என்பார்களாம். அவர் என்னை அப்படித்தான் அழைப்பார். முதலில் அது மணிக்கூடு அடிப்பது போல இருந்தது. பிறகு பழகிவிட்டது.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கி அனுப்பும் ஒரு பெரிய சமையற்கூடத்தில் இருவருக்கும் வேலை. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே சேர்ந்தபோது அக்கா ஏற்கெனவே பழைய ஆள். ஓடும் பட்டியில் தட்டுகள் வரும். அவர் பணிஸ் ரொட்டி வைப்பார், நான் பட்டர் வைப்பேன். தலையில் வலை, கையில் உறை, குளிருக்கு உள்ளே இரண்டு ஸ்வெட்டர். அப்படி நின்றபடி வருடக்கணக்காகக் கதைத்தோம். என் ஆங்கிலமும் சுமார், அவர் ஆங்கிலமும் சுமார். இரண்டு சுமாரும் சேர்ந்தால் எல்லாமே விளங்கும். இப்போது நினைத்துப் பார்த்தால் அவர் என்னோடு யாழ்ப்பாணத் தமிழில் பேசியது போலவே காதில் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அக்காவின் தாய் இறந்து ஒரு வருடமாகியிருந்தது. அக்காவால் போக முடியவில்லை. இறப்பதற்கு முன் தாய் அயலவர்களைக் கூப்பிட்டு வைத்துத் தன் சொத்தைப் பிரித்துச் சொல்லியிருந்தார். வயலும் வளவும் மகனுக்கு. வளவில் நிற்கும் வீடு மகளுக்கு. நிலம் ஒருவருக்கு, அதன் மேல் நிற்கும் வீடு இன்னொருவருக்கா என்று கேட்டேன். வேலி ஒரு சாண் நகர்ந்தாலே இரண்டு தலைமுறைக்கு வழக்குப் பேசும் ஊரில் பிறந்தவள் நான்.

"வீடு எண்டது அலுமாரி மாதிரி, திக். தூணெல்லாம் கல்லுக்கு மேலை சும்மா நிக்குது. நிலம் ஆரின்ரையெண்டாலும் இருக்கட்டும். வீடு என்ரை," என்றார் அக்கா.

இப்போது தமையன் அந்த வளவில் கல்வீடு கட்டப் போகிறாராம். கண்ணாடி யன்னலும் சீமெந்துத் தரையுமாக. அதனால் பழைய மரவீட்டை என்ன செய்வது என்று தங்கை வந்து சொல்ல வேண்டும். இருவருக்கும் நல்ல பேச்சுவார்த்தை இல்லை. அக்கா லண்டனுக்கு வந்து ஒரு ஆங்கிலேயரைக் கட்டியது தமையனுக்குப் பிடிக்கவில்லை. தனியாகப் போய் அவர் முன்னால் நிற்க அக்காவுக்குத் தயக்கம். அக்காவின் கணவரோ, பஸ் ஓட்டுபவர், அருமையான மனிதர், ஆனால் விமானத்தில் ஏறமாட்டார். நாள் முழுக்கக் கூரைக்கு மேலால் விமானங்கள் உரசிக்கொண்டு போகிற ஊரில் இருந்துகொண்டு அவருக்கு விமானமென்றால் பயம். ஆகவே அக்கா என்னைக் கேட்டார்.

எங்கள் வீட்டுக்காரர் நன்றாகச் சிரித்தார். "ஊரெல்லாம் இந்தியாவுக்குப் போய்ச் சீலை வாங்குது. நீர் ஜாவாவிலை என்னத்தை வாங்கப் போறீர்?" என்று கேட்டார். ஆனால் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகிற வயது. அவர்களைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்போதுதான் எங்களுக்குப் பிரித்தானியக் கடவுச்சீட்டு கிடைத்திருந்தது. அதில் விழுந்த முதல் முத்திரை இந்தோனேசியாவுடையது.

வேலையிடத்தில் எங்களுக்கு மலிவு டிக்கெட் கிடைக்கும். மலிவுக்குக் காரணம், இடம் மிஞ்சினால் மட்டும்தான் ஏற்றுவார்கள். முதல் நாள் இடம் மிஞ்சவில்லை. பெட்டிகளோடு பஸ்ஸில் ஏறி வீட்டுக்குத் திரும்பினோம். மத்தியானம் அழுதழுது வழியனுப்பிய பிள்ளைகள் பின்னேரம் என்னைக் கண்டதும், நான் ஜாவாவுக்குப் போய்விட்டு வந்துவிட்டேன் என்று நினைத்து, என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்கள். அடுத்த நாள் இடம் கிடைத்தது. விமானத்தில் சாப்பாட்டுத் தட்டு வந்தபோது அக்கா பணிஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரோ கோணலாக வைத்திருக்கிறார்கள் என்றார்.

ஜகார்த்தாவிலிருந்து யோக்யகார்த்தாவுக்கு ரயிலில் ஒரு பகல் முழுதும் போனோம். யன்னலுக்கு வெளியே பச்சை ஓயவே இல்லை. ஒரு வயலில் நாற்று நடுகிறார்கள், பக்கத்து வயலில் அறுக்கிறார்கள், அதற்கடுத்ததில் உழுகிறார்கள். ஒரு வருடத்தின் எல்லா மாதங்களையும் ஒரே நாளில் பார்த்தது போல இருந்தது. அதன்பின் ஒரு சின்ன வான். கதவில் தொங்கிக்கொண்டு வந்த பையன் ஆட்களை ஏற்றிக்கொண்டே இருந்தான். கோழிக் கூடையொன்று என் மடிக்கு வந்து சேர்ந்தது. வான் போகாத கடைசிப் பாதைக்கு மோட்டார் சைக்கிள். பெட்டி எனக்கும் ஓட்டுநருக்கும் நடுவில். வயல் வரம்பையொட்டிய மண்பாதையில் நான் கண்ணை மூடிக்கொண்டே போய் இறங்கினேன்.

கண்ணைத் திறந்தபோது அந்த வீடு முன்னால் நின்றது. தேக்குத் தூண்கள், பின்னிய மூங்கிற் தட்டிச் சுவர், நடுவில் உயர்ந்து நாலு பக்கமும் சரியும் ஓட்டுக் கூரை. வாசலில் தமையனும் அவர் மனைவியும். தமையன் மெலிந்த மனிதர். தங்கையின் கையைத் தன் இரு உள்ளங்கைகளாலும் மெதுவாகத் தொட்டு, அந்தக் கைகளைத் தன் நெஞ்சில் வைத்தார். அவ்வளவுதான் வரவேற்பு. எத்தனையோ வருடம் கழித்து வந்த தங்கை. நான் ஒரு சத்தமான அழுகைக்கு ஆயத்தமாக நின்றேன். ஒருவரும் அழவில்லை. சீனி தாராளமாகப் போட்ட மல்லிகைத் தேநீர் வந்தது.

அண்ணி, அதாவது தமையனின் மனைவி, உருண்டை முகமும் சிரித்த கண்ணுமாக இருந்தார். என் பொட்டைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று வேண்டும் என்று சைகை காட்டினார். என்னிடம் ஒரு அட்டை ஒட்டுப்பொட்டு இருந்தது. அடுத்த நாள் காலை அந்த முஸ்லிம் கிராமத்தில் பாதிப் பெண்கள் நெற்றியில் சிவப்புப் பொட்டோடு வயலுக்குப் போனார்கள். பின்னேரத்துக்குள் எல்லாம் வியர்வையில் விழுந்துவிட்டன. ஒன்று மட்டும் ஒரு மாட்டின் நெற்றியில் மிச்சமிருந்தது.

வீட்டைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. மழை, நெல்லின் விலை, யாருக்குக் கல்யாணம், லண்டனில் தேங்காய் கிடைக்குமா, எல்லாம் பேசினார்கள். அக்கா பதிலுக்குப் பதில் 'ங்கி' என்பார். ஜாவா மொழியில் மரியாதையாக ஓம், ஆமாம் என்று சொல்வது அப்படித்தான். பிறகு ஒரு நாள் நகரத்திலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தூண்களைத் தட்டிப் பார்த்தார், உத்தரத்தின் செதுக்கல்களைத் தடவிப் பார்த்தார். பாலித் தீவில் ஹோட்டல் கட்டுகிறவர்களுக்கு இப்படிப் பழைய வீடுகளை வாங்கிக் கழற்றி அனுப்புவது அவர் தொழில். தமையன்தான் கூப்பிட்டிருந்தார். வந்தவர் நீளமாகப் பேசினார். அக்கா தலை குனிந்தபடி 'ங்கி' 'ங்கி' என்றுகொண்டிருந்தார். ஜீப் போனதும் நான், வீட்டை விற்றாகிவிட்டதா என்று கேட்டேன்.

"ஆர் வித்தது?" என்றார் அக்கா. "ஓமெண்டால், நீ சொன்னது காதிலை விழுந்தது எண்டு அர்த்தம். அவ்வளவுதான்."

அப்படியானால் வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அதற்கும் 'ங்கி'தான், ஆனால் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றார். தமையனுக்கு அது விளங்கியிருக்கும், நகரத்துக்காரருக்கு விளங்கியிராது. ஆனால் வேறு என்ன செய்வது என்று அக்காவுக்கே தெரியவில்லை. வீட்டை வைக்க அவருக்கு நிலமில்லை. லண்டனுக்குக் கொண்டுபோகவும் ஏலாது.

அதற்கடுத்த நாள் அண்ணி என்னை மட்டும் வயற்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஜாவா மொழி தெரியாது. வரம்பில் அவர் பூனை போல நடந்தார். நான் நாலைந்து அடி வைத்ததும் வழுக்கி முழங்கால் வரை சேற்றில் இறங்கினேன். பக்கத்து வயற் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்து, வாய்க்காலில் காலைக் கழுவிவிட்டு, தன் இடுப்பில் மேலதிகமாகச் சுற்றியிருந்த பூப்போட்ட பற்றிக் துணியொன்றை எனக்குச் சுற்றிவிட்டார். பிறகு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மேட்டுக் காணியைக் காட்டினார். சில தென்னைகள், ஒரு பலா, புல். காணியைக் காட்டித் தன் நெஞ்சில் தட்டினார். நான், உங்கள் கணவருடையதா என்று வீட்டுப் பக்கம் கைகாட்டிக் கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி தன் நெஞ்சில் இன்னும் பலமாகத் தட்டினார்.

பிறகு ஒரு குச்சியெடுத்து ஈரமண்ணில் கீறினார். நாலு தூண். மேலே உயர்ந்து சரியும் கூரை. கீறி முடித்து என்னைப் பார்த்தார். அது அவருடைய தாய் தகப்பன் கொடுத்த காணி என்று பிறகு அக்கா சொன்னார். அந்த வீட்டை அங்கே வைக்கலாம் என்கிறார். போய்ச் சொல் என்பது போல முதுகில் மெல்லத் தட்டினார்.

மத்தியானம் அக்காவிடம் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். புருஷனுக்கு எதிராகத் தன் வாயால் ஒன்றைச் சொல்வது அண்ணிக்கு முடியாத காரியம். நாத்தனாரிடம் நேரே கேட்பதும் மரியாதையில்லை. ஊரிலேயே எதையும் அப்படியே போட்டு உடைக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்று பார்த்துப் பிடித்திருக்கிறார். சிரித்து முடித்தபின் அக்காவின் கண் நிறைந்திருந்தது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, தாயைக் கடைசிவரை பார்த்தவர் அண்ணி. கல்வீடு வேண்டுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை என்றார்.

பின்னேரம் நாலு பேரும் வாசலில் பாய் போட்டு இருந்தோம். அன்று அவர்கள் பேசியதைப் பிறகு அக்கா எனக்கு வரி வரியாகச் சொன்னார். முதலில் பேசியது தமையன்தான். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"அம்மாவோடை கடைசி வரைக்கும் இருந்தது நான். வீடு உனக்கு. அதைப் பாக்கிற ஒவ்வொரு நாளும் எனக்கு அதுதான் ஞாபகம் வருது. அதாலைதான் விக்கச் சொன்னனான்."

அக்கா தேநீர்க் கோப்பையைக் கைக்குள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வீடு எனக்கு வேண்டாம் எண்டு சொல்ல மாட்டன், அண்ணை. அம்மா தந்தது. ஆனா அதிலை இருக்கப் போறது அண்ணி. அண்ணியின்ரை காணியிலை வைப்பம். உங்கடை வளவு உங்களுக்கு வெறுமையாக் கிடைக்கும். நீங்கள் விரும்பின மாதிரிக் கட்டுங்கோ."

தமையன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. வாய்க்கால் பக்கம் தவளைகள்தான் பேசின. பிறகு தமையன், கூரையைப் பார்த்தபடி, ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"தூக்கிறதெண்டால் முதல் கூரை ஓடெல்லாம் இறக்கோணும்."

அதுதான் சம்மதம் என்று எனக்கே விளங்கியது. ஏனென்றால் அண்ணி எழுந்து குசினிக்குள் ஓடிப்போனார்.

அண்ணியும் நானும் நடந்த பக்கம்தான் சேறு. வீடு போகும் பக்கத்து வயல்கள் அறுவடை முடிந்து காய்ந்திருந்தன. வீடு போவதற்கு வழி இருந்தது. தூக்குவதற்கு முதல் நாள் பெண்கள் எல்லோரும் சமைத்தோம். சோற்றைக் கோபுரம் போலக் குவித்து வைத்து, அயல் ஆண்கள் சுற்றியிருந்து பிரார்த்தனை செய்து, ஆளுக்கொரு பங்கு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மூலையில் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கரைத்துச் சின்னச் சட்டிகளில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மூடியைத் திறந்தால் எங்கள் அப்பம், விளிம்பில்லாமல். பேரென்ன என்று கேட்டேன். "அப்பெம்," என்றார்கள். நான் "அப்பம்" என்றேன். என் உச்சரிப்பு பிழை என்று திருத்தினார்கள். ஆளாளுக்குத் திருத்தினார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

தூக்கிய நாள் காலையில் ஊரே வந்துவிட்டது. ஏணிகளில் ஆட்கள் வரிசையாக நின்று ஓடுகளைக் கைமாற்றி இறக்கினார்கள். மூங்கிற் தட்டிகளை அவிழ்த்தார்கள். வெறும் எலும்புக்கூடாக நின்ற வீட்டின் தூண்களுக்குக் குறுக்கும் நெடுக்குமாக நீண்ட மூங்கில்களைக் கட்டினார்கள். ஆண்கள் ஆளையாள் நெருங்கி மூங்கிலுக்குக் கீழே தோளைக் கொடுத்தார்கள். தமையன் முன்னால் நின்று ஒரு மரக்கட்டை மேளத்தை அடித்தார். டொக், டொக். மூன்றாவது அடிக்கு வீடு எழும்பியது.

எழும்பியதும் நான் என்னை அறியாமல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ வருடம் ஒரே இடத்தில் நின்ற வீடு, மேளத்துக்கு மேளம் ஒரு அடி வைத்து, வாசலைக் கடந்து, பாதையில் இறங்கி, வயலுக்குள் போனது. பின்னால் பெண்கள் தட்டிகளையும் கதவுகளையும் தூக்கிக்கொண்டு போனோம். எனக்கும் அக்காவுக்கும் கிடைத்தது ஒரு யன்னல். வழி முழுக்க அதற்குள்ளால்தான் ஊரைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பாதி வழியில் வீடு நின்றது. ஊருக்கு அண்மையில்தான் மின்சாரம் வந்திருந்தது. வயலுக்குக் குறுக்காக ஒரு மின்கம்பி, வீட்டின் உச்சி தட்டுமளவுக்குத் தாழத் தொங்கியது. போகும் வழியை எல்லோரும் அளந்து பார்த்திருந்தார்கள், மேலே யாரும் பார்க்கவில்லை. மூங்கிலால் கம்பியை உயர்த்தலாம் என்றார் ஒருவர். தமையன் பதறிப்போய்த் தடுத்தார். வீட்டை அங்கேயே இறக்கச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் தேநீர் கொண்டுவரச் சொன்னார். நடுவயலில் ஓடில்லாத வீடு, அதற்குள்ளே ஊர் முழுக்க உட்கார்ந்து தேநீர் குடித்தது.

அக்காவும் நானும் யன்னலைச் சாய்த்து வைத்துவிட்டு அதன் நிழலில் இருந்தோம். உனக்கு ஊரில் வீடு இருக்கிறதா என்று அப்போதுதான் அவர் கேட்டார். அத்தனை வருடம் பட்டர் வைத்தும் நாங்கள் அதைப் பேசியதில்லை. எனக்குச் சீதனமாகத் தந்த கல்வீடு ஒன்று இருந்ததைச் சொன்னேன். சண்டையில் ஊர்ச் சனம் முழுவதும் எழும்பிப் போனதைச் சொன்னேன். இப்போது அங்கே யார் இருக்கிறார்கள், கூரை இருக்கிறதா என்று தெரியாது என்றேன். அவர் தன் கோப்பையின் அடியில் கரையாமல் இருந்த சீனிக்கட்டியைக் கரண்டியால் எடுத்து என் கோப்பையில் போட்டார். தேநீரில் அவருக்குப் பிடித்த பகுதி அது.

இதற்கிடையில் தமையன் பக்கத்து வயற்காரரிடம் போயிருந்தார். கம்பியைச் சுற்றிப் போவதென்றால் அவருடைய வயலின் வரம்பை உடைக்க வேண்டும். அந்த மனிதர் தேநீரை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, தானே தன் வரம்பை வெட்டினார். இதையே எங்கள் ஊரில் கேட்டிருந்தால் முதலில் வந்திருப்பது சட்டத்தரணி. மேளம் மறுபடி அடித்தது. வீடு சுற்றிக்கொண்டு போய், வாய்க்காலைக் குறுக்காகக் கடந்து, தென்னைகளுக்கு நடுவே ஏற்கெனவே வைத்திருந்த கற்களின் மேல் இறங்கியது. ஒரு தூண் மட்டும் கல்லைத் தேடிக் கொஞ்சம் தடுமாறியது. தமையன் மேளத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்துச் சரியாக வைத்தார். வைத்தபின்னும் அவர் உடனே கையை எடுக்கவில்லை. அக்கா போய்ப் பக்கத்தில் நின்றார்.

கூரை மேய்ந்து முடிவதற்குள் நாங்கள் புறப்பட வேண்டியிருந்தது. லண்டனுக்கு வந்தால், பிள்ளைகள் பொரித்த மீன்விரல் துண்டுகளும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்று கொழுத்திருந்தார்கள். அம்மா இன்னும் கொஞ்ச நாள் நின்றிருக்கலாமே என்றார்கள். வேலையில் மறுபடி பணிஸும் பட்டரும்.

நகரத்துக்காரர் திரும்பி வந்து வெறும் தரையைப் பார்த்துவிட்டு ஏமாந்து போனார் என்று பிறகு செய்தி வந்தது. அந்த நேரம் அண்ணி மரவீட்டின் முன்பகுதியில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார். நகரத்துக்காரர் பசிக்கு அங்கேதான் சாப்பிட்டாராம். தொண்ணூறுகளின் கடைசியில் அக்கா வேலையை விட்டுவிட்டு, கணவருக்குத் தூக்கமாத்திரை கொடுத்து விமானத்தில் ஏற்றி, ஒரேயடியாக ஊருக்குப் போய்விட்டார். அந்த வீட்டின் பின்பகுதியில்தான் இருவரும் குடியிருந்தார்கள்.

அடுத்த வருடம் நாங்கள் குடும்பமாகப் போனோம். தமையனின் கல்வீடு எழும்பியிருந்தது. பெரிய கண்ணாடி யன்னல்கள், வழுவழுத்த தரை. மத்தியானத்தில் உள்ளே இருக்க ஏலாத வெக்கை. அவர் பெருமையாக எல்லா அறையையும் திறந்து காட்டிவிட்டு, சாப்பிடப் போவோம் என்று எங்களை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கடையில் நல்ல கூட்டம். பள்ளிக்கூட ஆசிரியர்களும் வான் ஓட்டுநர்களும் நின்றார்கள். அண்ணி அகப்பையோடு நின்று எங்களுக்குக் கையசைத்தார். விருந்தாளிகள் என்று என் கணவரையும் பிள்ளைகளையும் முன்னால் அழைத்து உட்கார வைத்தார். தமையன் ஆசிரியர்களுக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றார். அவருடைய முறை வந்ததும், என்ன வேண்டும் என்று மற்றவர்களிடம் கேட்பது போலவே அவரிடமும் அண்ணி கேட்டார்.